ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்யும் நம் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

கோட்டிங்கன், ஆகன், மியூனிக், டிரெஸ்டன் என்று ஊர் ஊராகப் போய் முதுகலையும் முனைவர் பட்டமும் படித்துக்கொண்டிருக்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். உங்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். மற்றவர்களும் என்னை உங்கள் வாத்தியார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும், என் பழைய மாணவன் ஒருவன் அங்கிருந்து கூப்பிட்டான். படிப்பு முடியப்போகிறது, வேலை கிடைத்திருக்கிறது. சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய செய்தியைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சம்பளம் நல்லா இருக்கு சார். சென்சார் வேலைதான், என் ஆராய்ச்சிக்கு ரொம்பப் பக்கம். ஆனா அது கடைசியில ஏவுகணைக்குத்தான் போகுது. நான் கணக்கு மட்டும்தானே சார் போடப்போறேன்? அதை என்ன பண்ணுறாங்கன்னு நான் ஏன் கவலைப்படணும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அவன் கேட்ட அதே கேள்வியை அவன் குடியிருக்கும் நாட்டில், அவனைவிடப் பல மடங்கு பெரிய ஆட்கள் தங்களுக்குள் கேட்டுப் பதிலும் எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது விடிகாலையில்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த மடல்.

1957 ஏப்ரல் 5. மேற்கு ஜெர்மனியின் பிரதமர் கொன்ராட் அடேனவர் பத்திரிகையாளர்களைச் சந்திக்கிறார். தன் மண்ணில் அணு ஆயுதம் தயாரிப்பதில்லை என்று அந்த நாடு 1954லேயே ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் புதிதாக உருவான ராணுவத்துக்கு அமெரிக்காவிடமிருந்து அணு ஆயுதம் வாங்கித் தரலாமா என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. போர்க்களத்தில் பயன்படுத்தும் சிறு அணு ஆயுதங்கள் பீரங்கியின் அடுத்தகட்ட வளர்ச்சிதான் என்று அடேனவர் அன்று சொன்னார். ஏதோ துப்பாக்கிக்குப் பதிலாக இன்னொரு துப்பாக்கி என்பது போல.

ஒரே வாரம். ஏப்ரல் 12 அன்று பதினெட்டு அணு அறிவியலாளர்கள் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்று வெளிவந்தது. ஆட்டோ ஹான், மாக்ஸ் பார்ன், வெர்னர் ஹைசன்பர்க், மாக்ஸ் ஃபான் லௌவே ஆகிய நான்கு பேரும் அப்போதே நோபல் பரிசு வாங்கியவர்கள். கையெழுத்திட்ட இன்னொருவரான வொல்ஃப்காங் பால் பிற்பாடு 1989ல் வாங்கினார். வாசகங்களைப் பெரும்பாலும் எழுதியவர் கார்ல் ஃப்ரீட்ரிஷ் ஃபான் வைட்செக்கர். 'கோட்டிங்கன் பதினெண்மர்' என்ற பெயர் இவர்களுக்கு நிலைத்துவிட்டது.

அந்த அறிக்கையில் கோஷம் எதுவும் இருக்காது. நாம் வகுப்பில் செய்முறைக் குறிப்பு எழுதுகிற மாதிரி நிதானமாகப் போகும். நீங்கள் சிறியது என்று சொல்கிற குண்டு ஒவ்வொன்றும் ஹிரோஷிமாவை அழித்த குண்டுக்குச் சமம் என்கிறார்கள். ஒரு ஹைட்ரஜன் குண்டு போதும், ரூர் தொழிற்பகுதி அளவுக்கு ஒரு நிலப்பரப்பில் சில காலத்துக்கு மனிதர் வாழ முடியாமல் போகும் என்கிறார்கள். மேற்கு ஜெர்மனி மாதிரி ஒரு சின்ன நாட்டுக்கு நல்ல பாதுகாப்பு, எந்த வகை அணு ஆயுதமும் வேண்டாம் என்று தானாகவே அறிவித்துவிடுவதுதான் என்கிறார்கள். கம்யூனிசத்துக்கு எதிராக மேற்குலகின் சுதந்திரத்தின் பக்கம் தாங்கள் நிற்பதையும் மறைக்கவில்லை. ஒருவர் குண்டைப் பார்த்து இன்னொருவர் பயப்படுவதால் இன்றைக்குக் கொஞ்சம் அமைதி இருக்கிறது என்பதைக்கூட ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அந்த வழியை நாளாவட்டத்தில் நம்ப முடியாது என்கிறார்கள்.

அப்புறம் வருகிறது அந்த ஒரு வாக்கியம். கையெழுத்திட்டவர்களில் ஒருவர்கூட அணு ஆயுதத்தைச் செய்வதிலோ, சோதித்துப் பார்ப்பதிலோ, பயன்படுத்துவதிலோ எந்த வகையிலும் பங்கெடுக்கத் தயாராக இல்லை.

இந்த வாக்கியத்தில் நான் நின்றுவிடுவேன். இதற்கு இரண்டு வருடம் முன்பு, 1955 ஜூலை 15 அன்று, போடன் ஏரிக்கரையில் லிண்டாவ் நகரில் நோபல் அறிஞர்கள் கூடியபோது இன்னொரு அறிக்கை வந்தது. ஏரியில் இருக்கும் பூந்தோட்டத் தீவின் பெயரால் அதை மைனவ் அறிக்கை என்பார்கள். எல்லா நாடுகளும் அரசியலின் கடைசி ஆயுதமாக வன்முறையைக் கையில் எடுப்பதை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை இல்லாமலே போகும் என்றது அது. முதலில் பதினெட்டு பேர் கையெழுத்திட்டார்கள், ஒரு வருடத்துக்குள் ஐம்பத்திரண்டு ஆனது. ஹானும் பார்னும் அதற்காக மிகவும் பாடுபட்டார்கள். உயர்ந்த அறிக்கைதான். ஆனாலும் என் மனதில் கோட்டிங்கன் அறிக்கைக்குத்தான் பெரிய இடம். மைனவில் அவர்கள் உலகத்துக்குப் புத்தி சொன்னார்கள். கோட்டிங்கனில் தங்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். "நீங்கள் செய்யாதீர்கள்" என்று எத்தனை பெரிய மனிதரும் சொல்லலாம். "நான் செய்ய மாட்டேன்" என்று சொன்னவனை நாளைக்கு நாலு பேர் பிடித்துக் கேட்கலாம்.

சரி, இவர்கள் எல்லாம் மகான்கள், நமக்கும் அவர்களுக்கும் என்ன என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேதான் கொஞ்ச நேரம் உங்களை உட்காரவைக்க ஆசைப்படுகிறேன்.

ஆட்டோ ஹான் 1915ல் இளம் வேதியியலாளர், ராணுவத்தில் இருக்கிறார். ஃபிரிட்ஸ் ஹாபர் அவரை நச்சுவாயுப் பிரிவுக்குக் கூப்பிடுகிறார். இது போரில் நச்சு ஆயுதம் கூடாது என்ற ஹேக் உடன்படிக்கைக்கு விரோதமாயிற்றே என்று ஹான் கேட்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டார்கள், வாயுவால் போர் சீக்கிரம் முடிந்தால் எத்தனையோ உயிர் மிச்சமாகும் என்று ஹாபர் பதில் சொல்கிறார். ஹான் ஒப்புக்கொண்டு போகிறார். கிழக்குப் போர்முனையில், தங்கள் வாயுவில் சிக்கி ரஷ்யச் சிப்பாய்கள் மூச்சுத் திணறிச் சாவதைக் கண்ணால் பார்க்கிறார். தங்களிடம் இருந்த சுவாசக் கருவியை அவர்களுக்கு வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறார்கள், முடியவில்லை. வெட்கப்பட்டேன் என்று பின்னாளில் அவரே எழுதினார். அப்படியும் போர் முடியும்வரை அந்த வேலையில்தான் இருந்தார். ஹாபர் சொன்ன காரணம் உங்கள் காதிலும் விழும். எந்தக் காலத்திலும் அதே காரணம்தான் சொல்கிறார்கள்.

அதே ஹான்தான் 1938 டிசம்பரில் பெர்லினில் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனோடு சேர்ந்து யுரேனிய அணு பிளவதைக் கண்டவர். அணுகுண்டுக்கு அடிப்படையே அதுதான். போர் முடிந்ததும் நேச நாடுகள் பத்து ஜெர்மன் அறிவியலாளர்களைப் பிடித்து, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஃபார்ம் ஹால் என்ற வீட்டில் ஆறு மாதம் அடைத்துவைத்தன. அந்த வீட்டில்தான் 1945 ஆகஸ்ட் 6 மாலை ஹிரோஷிமா செய்தி ஹானிடம் முதலில் சொல்லப்பட்டது. மனிதர் நொறுங்கிப் போனார். லட்சக்கணக்கான சாவுக்குத் தானே பொறுப்பு என்று புலம்பினார். அவர் ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயந்த கூட்டாளிகள், அவர் தூங்கிவிட்டார் என்று தெரியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் படுக்கப் போனார்கள். அதே வீட்டில் அடைபட்டிருந்தபோதுதான் அவருக்கு 1944ம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்த செய்தியும் வந்தது. இந்த இரண்டு செய்தியையும் ஒரே கூரைக்குக் கீழே வாங்கிய மனம் எப்படி இருந்திருக்கும்?

அந்தப் பத்துப் பேரில் ஹான், ஹைசன்பர்க், லௌவே, வைட்செக்கர், கெர்லாக், விர்ட்ஸ் ஆகிய ஆறு பேர் பன்னிரண்டு வருடம் கழித்துக் கோட்டிங்கன் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். லௌவே நாஜிகளை வெளிப்படையாகவே எதிர்த்தவர். யுரேனிய ஆராய்ச்சியிலும் அவர் இல்லை. ஹைசன்பர்க்கும் வைட்செக்கரும் கெர்லாக்கும் விர்ட்ஸும் ஹிட்லர் காலத்து யுரேனியத் திட்டத்தில் வேலை செய்தவர்கள். போர்க்காலத்தில் அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அதில் நான் தலையிடவில்லை. ஒரு காலத்தில் 'சரி' என்று போனவர்கள், அந்தச் 'சரி' எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்துவிட்டு, அடுத்த முறை அரசாங்கம் பேச்சை எடுத்தபோது 'மாட்டோம்' என்றார்கள். எனக்கு அது போதும்.

மாக்ஸ் பார்ன் கதை வேறு. அவரை நினைத்தாலே எனக்கு மனசு கனக்கும், அவர் நம் பக்கமும் வந்து போனவர் என்பதாலோ என்னவோ. கோட்டிங்கனைக் குவாண்டம் இயற்பியலின் வீடாக்கியவர் அவர். 1933ல் யூதர் என்பதற்காக அவரைப் பதவியிலிருந்து விலக்கினார்கள். கேம்பிரிட்ஜில் தற்காலிக வேலை. அது முடியும் நேரத்தில் நம் திருச்சிக்காரர் சி. வி. ராமன் கூப்பிட்டு, 1935–36 குளிர்காலத்தில் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ராமன் எவ்வளவோ முயன்றார். நடக்கவில்லை. ஒரு கூட்டத்தில் அவர் முகத்துக்கு நேராகவே, சொந்த நாட்டால் விரட்டப்பட்ட இரண்டாம்தர ஆள் என்ற மாதிரி ஒருவர் பேசினார். இருபதாம் நூற்றாண்டின் இயற்பியலை மாற்றி எழுதியவரைப் பார்த்து! அந்த வருடமே எடின்பரோ அவருக்கு வேலை கொடுத்தது.

பார்ன் முதல் உலகப்போரில் ராணுவத்துக்கு வேலை செய்திருக்கிறார். எதிரியின் பீரங்கி எங்கே இருக்கிறது என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி அது. ஆனால் ஹாபர் வாயு வேலைக்குக் கூப்பிட்டபோது மறுத்தார். ஹான் போன இடத்துக்கு பார்ன் போகவில்லை. இரண்டாம் போரிலும் அணுகுண்டு வேலையில் அவர் சேரவில்லை. ஆனால் அந்தக் குண்டைச் செய்த ஆய்வகத்தை நடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமர், 1927ல் கோட்டிங்கனில் அவரிடம் முனைவர் பட்டம் வாங்கியவர். இவ்வளவு கெட்டிக்கார மாணவர்கள் கிடைத்தது பெருமைதான், ஆனால் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் குறைந்து விவேகம் கொஞ்சம் கூடியிருக்கலாம் என்ற பொருள்பட வயதான காலத்தில் எழுதினார். பாடம் நடத்தியவன் என்கிற முறையில் அந்த வரியைப் படித்தபோது என்னவோ செய்தது. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கினேன், அது போய்ச் சேரும் இடத்தைப் பற்றிப் பேச எத்தனை நிமிடம் ஒதுக்கினேன்?

1950களின் தொடக்கத்தில் ஓய்வுபெற்றதும் பார்ன் ஜெர்மனிக்கே திரும்பி, பாட் பிர்மோன்ட் என்ற சிற்றூரில் குடியேறினார். விரட்டிய நாட்டுக்கு ஏன் போகிறீர்கள் என்று பலர் கேட்டார்கள். போனதால்தான் 1954ல் கிடைத்த நோபல் பரிசின் மதிப்போடு, அந்த மண்ணில் நின்று, 1957ல் கையெழுத்துப் போட முடிந்தது.

அறிக்கையால் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஐந்து நாளில் அடேனவர் அவர்களில் ஐந்து பேரை அப்போதைய தலைநகரான பான் நகருக்கு அழைத்துப் பேசினார். மறுக்கும் வாக்கியத்தை அவர்கள் திரும்பப் பெறவில்லை. ஆனால் செப்டம்பர் தேர்தலில் அடேனவர் தனிப்பெரும்பான்மையோடு ஜெயித்தார். 1958 மார்ச்சில் நாடாளுமன்றமும் ராணுவத்துக்கு அணு ஆயுதம் ஏவக்கூடிய தளவாடங்கள் தரச் சம்மதித்தது. அந்தக் கணக்குப்படி பதினெண்மர் தோற்றார்கள்.

பன்னிரண்டு வருடம் கழித்து 1969 அக்டோபரில் வில்லி பிராண்ட் பிரதமரானார். நவம்பர் 28 அன்று, பதவிக்கு வந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், மேற்கு ஜெர்மனி அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. தானாகவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று பதினெண்மர் கேட்டதற்கு ரொம்பப் பக்கத்தில் வந்தது அந்தக் கையெழுத்து. ஹான் அதைப் பார்க்கவில்லை, 1968 ஜூலையில் போய்விட்டார். பார்ன் பார்த்தார். அடுத்த ஜனவரி 5ல் அவரும் இறந்தார்.

பிராண்டும் பத்தொன்பது வயதில் நாஜிகளிடமிருந்து தப்பி நார்வேக்கு ஓடியவர், போருக்குப் பிறகு திரும்பி வந்தவர். ஓடிப்போனவன் என்பதையே அவருக்கு எதிராகத் தேர்தலில் பேசினார்கள். 1970 டிசம்பர் 7 அன்று வார்சாவில், யூதர் குடியிருப்பில் நாஜிகளை எதிர்த்து நின்றவர்களுக்கான நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைத்தவர், யாரும் எதிர்பாராமல் மண்டியிட்டார். அந்தக் குற்றத்தில் அவருக்குத் துளியும் பங்கில்லை. அப்போது எடுத்த கருத்துக்கணிப்பில் 48 சதவீதம் ஜெர்மானியர் அது மிகையான செயல் என்றார்கள், சரி என்றவர்கள் 41 சதவீதம்தான். அமைதி நோபல் அடுத்த வருடம் வந்தது. அது வரும் என்று தெரிந்து யாரும் மண்டியிடுவதில்லை.

இதுவரை படித்துவிட்டு நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். "சார், அவங்க நோபல் வாங்கினவங்க. எங்களுக்கு விசா வேலையோடு கட்டிக் கிடக்குது. மாட்டேன்னு சொன்னா ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான், வீட்டுல கடன் இருக்கு." நியாயம். அதனால் பதினெட்டுப் பெயரில் இன்னொன்றைச் சொல்கிறேன்.

ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன். ஹானோடு சேர்ந்து யுரேனியப் பிளவைக் கண்டவர். நோபல் அவருக்குக் கிடைக்கவில்லை. 1933ல் வேதியியலாளர் சங்கம் நாஜிகள் கைக்குப் போனதும் அதிலிருந்து விலகினார். அப்போது முப்பத்தோரு வயது. எந்தத் தொழிற்சாலையிலும் வேலை கிடைக்காமல் போனது. ஹானோடு நெடுநாள் சேர்ந்து ஆராய்ச்சி செய்த இயற்பியலாளர் லீசெ மைட்னர், ஹானிடம் சொல்லி அவருக்கு அரைச் சம்பளத்தில் ஒரு உதவியாளர் வேலை வாங்கிக்கொடுத்தார். போர் நடந்துகொண்டிருந்த 1943ல், மூன்று வயது மகன் இருந்த வீட்டில், ஒரு யூதப் பெண்ணை மாதக்கணக்கில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள் அவரும் அவர் மனைவியும். பிடிபட்டிருந்தால் குடும்பமே போயிருக்கும். பெயரும் புகழும் வருவதற்கு முன்பே, கையில் காசில்லாத நாளிலேயே அவர் 'மாட்டேன்' சொல்லிப் பழகியிருந்தார். 1957ல் அவர் கையெழுத்துக்குப் பின்னால் இருபத்து நான்கு வருடப் பழக்கம் இருந்தது.

அந்த மைட்னரை 1938 ஜூலையில் நாட்டைவிட்டே ஓடவைத்தார்கள். யுரேனியம் பிளந்ததன் இயற்பியலை அவரும் அவருடைய அக்கா மகன் ஃபிரிஷும்தான் விளக்கினார்கள். பரிசு ஹானுக்கு மட்டும் போனது, இது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். அணுகுண்டு வேலைக்குக் கூப்பிட்டபோது முடியாது என்று சொல்லிவிட்டார். இங்கிலாந்தில் பிராம்லி என்ற கிராமத்தில், மனிதத்தன்மையை ஒருபோதும் இழக்காத இயற்பியலாளர் என்று அவர் கல்லறையில் எழுதியிருக்கிறது.

ராணுவமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பதினெட்டு பேரும் சொல்லவில்லை. 2022ல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த பிறகு, தற்காப்புக்கு ஆயுதம் வேண்டும் என்று நேர்மையாகவே நம்பும் நல்லவர்கள் உங்கள் ஆய்வகத்திலேயே இருப்பார்கள். அவர்களோடு பேசுங்கள். நான் கேட்பதெல்லாம், எதற்கு வேலை செய்கிறோம் என்று தெரிந்து செய்யுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் 'ட்சிவில்கிளௌசல்' இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆராய்ச்சி அமைதியான நோக்கத்துக்கு மட்டுமே என்று பல்கலைக்கழகம் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் விதி அது. பிரேமன் பல்கலைக்கழகம் 1986லேயே போட்டது. பவேரியாவில் இருக்கிறவர்களுக்கு அந்த வழி கிடையாது, அந்த மாநிலம் 2024ல் அப்படிப்பட்ட விதிகளைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. உங்கள் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பேராசிரியரிடம் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, அங்கே அதை யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்.

கோட்டிங்கன் பக்கம் போனால் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். மாக்ஸ் பிளாங்க், லௌவே, ஹான், பார்ன் என்று எட்டு நோபல்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். ஹானின் கல்லில் யுரேனியம் பிளக்கும் குறியீடு செதுக்கியிருக்கும். பார்னின் கல்லில், நிலையையும் உந்தத்தையும் வரிசை மாற்றிப் பெருக்கினால் விடை மாறும் என்கிற சமன்பாடு. இரண்டும் நான் உங்களுக்குக் கரும்பலகையில் எழுதிக்காட்டியவைதான். அப்புறம் அந்த அறிக்கையைத் தேடி ஜெர்மனிலேயே வாசியுங்கள். ரொம்பச் சின்னது, நீங்கள் படித்த மொழி வகுப்பு அதற்குப் போதும்.

அந்தப் பையனிடம் மறுநாள் பேசினேன். ஏற்றுக்கொள் என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நீ எதையெல்லாம் செய்யமாட்டாய் என்று ஒரு தாளில் எழுதி அதன் அடியில் கையெழுத்துப் போடு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "எழுதிப் பார்க்கிறேன் சார்" என்றான்.

உங்களில் யாராவது இப்படி ஒரு வேலையை வேண்டாம் என்று விட்டிருந்தால், அல்லது நன்றாக யோசித்தே ஏற்றுக்கொண்டிருந்தால், அதன்பிறகு எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம். அவனுக்குக் காட்ட வேண்டும். அவன் பதில் சொல்ல இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்